பொன் எடுத்த பின் எஞ்சும் திராவகம்: கெடா வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

அமிலத்தில் கரைந்துவிட்ட பொன்னைத் திரும்ப எடுப்பது வேதியியலில் பெரிய வித்தை அன்று. இராச திராவகத்தில் இருக்கும் தங்க அயனி, எலெக்ட்ரானைக் கொடுக்க முன்வரும் பொருள் எது அருகே வந்தாலும் அதைப் பிடுங்கிக்கொண்டு உலோகமாக அடியில் படிந்துவிடும். அன்னபேதி (இரும்புச் சல்பேட்டு), ஆக்சாலிக் அமிலம், துத்தநாகத் தூள், துவர்ப்புள்ள பட்டைச் சாறு என எதுவும் அதற்குப் போதும். கடினமான பாதி பிறகுதான் வருகிறது. பொன் வெளியேறிய பின்னும் செம்பு, நிக்கல், ஈயம், வெள்ளீயம் கரைந்த புளிப்பு நீர் பாத்திரத்தில் அப்படியே நிற்கும். சுற்றுச்சூழலுக்கு உகந்த மீட்பு என்ற பெயரில் கடந்த 30 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளில் பெரும்பகுதி முதற்பாதியையே பேசுகிறது. இரண்டாம் பாதியின் வழியே பார்த்தால் இத்தொழில்நுட்பத்தின் வரலாறு வேறுவிதமாகத் தெரிகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இதற்கு மலேசியாவின் கெடா மாநிலத்தைக் களமாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. வடக்கே ஏறத்தாழ 96,000 ஹெக்டேர் பரப்புள்ள மூடா பாசன நெல்வயல்கள். அவற்றின் ஓரத்தில், அலோர் ஸ்டார் நகரை ஒட்டி, மெர்கோங் போன்ற சிறுதொழில் வட்டாரங்கள். தெற்கே சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் மின்னணுத் தொழிற்சாலைகள். இடையில் பீடோங், பாடாங் செராய், லூனாஸ் பக்கத்துத் தோட்டங்கள். மூடா ஆறு அண்டை மாநிலமான பினாங்கின் குடிநீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தருகிறது. இங்கே அமிலக் கழிவை எங்காவது ஊற்றிவிட்டு மறந்துபோக இடமில்லை; அது வயலுக்கோ குழாய்க்கோ வந்து சேரும்.

பட்டறையின் நீலத் தண்ணீர்

பொன்வேலை கெடாவுக்குப் புதிதன்று. சயாமுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை கெடா அனுப்பிவந்த ‘புங்கா மாஸ்’ என்னும் பொன்மரமும் உடன் சென்ற வெள்ளிமரமும் 1909ஆம் ஆண்டின் ஆங்கில–சயாம் ஒப்பந்தத்தோடு நின்றன. தூய்மை குறைந்த பொன் அந்த மெல்லிய இலைத்தகட்டுக்கு இழைந்து வராது. ஆகவே பொன்னைப் பிரித்துச் சுத்தம் செய்யும் அறிவு இவ்வட்டாரத்தில் தோட்டங்களுக்கும் முந்தியது எனலாம்.

மலாயா நகரங்களில் பட்டறை வைத்த தமிழ்ப் பத்தர்களுக்கும் சீனப் பொற்கொல்லர்களுக்கும் பொதுவாக இருந்தவை இரண்டு அமில முறைகள். முதலாவதில், கலப்புத் தங்கத்தோடு மூன்று பங்கு வெள்ளியோ செம்போ சேர்த்து உருக்கி, தகடாக அடித்து, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க விடுவார்கள். மற்றவை கரைந்துபோகப் பொன் பழுப்புத் தூளாகத் தங்கிவிடும். அமிலத்துக்குள் போன வெள்ளியை மீட்க ஒரு செப்புத் தகட்டை உள்ளே தொங்கவிடுவார்கள். வெள்ளி தகட்டில் பஞ்சுபோல் பூக்கும்; அதற்கு ஈடாகச் செம்பு கரைந்து நீருக்குள் போகும்; நீர் நீலமாகும். பொன் கைக்கு வந்தது, வெள்ளியும் வந்தது, நீலத் தண்ணீர் சாக்கடைக்குப் போனது.

இரண்டாவது முறையில் பொன்னையே கரைப்பார்கள். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த இராச திராவகத்தில் பழைய நகை மஞ்சள் நீராகிவிடும். அப்போது எழும் செம்பழுப்புப் புகை நுரையீரலைத் தின்னும். பிறகு அன்னபேதிக் கரைசலைச் சேர்த்தால் பொன் இறங்கும். வேதியியல் கணக்குப்படி 1 கிராம் பொன்னை இறக்க 4 கிராமுக்குச் சற்று மேல் அன்னபேதி வேண்டும். நடைமுறையில் யாரும் அளந்து போடுவதில்லை, கூடவே போடுவார்கள். அந்த இரும்பு முழுவதும் பழைய அமிலத்தோடு சேர்ந்து வெளியே போகும்.

பொன்னைத் தப்பவிடாத ஒழுங்கு நம் பட்டறைகளில் எப்போதும் உண்டு. தரையைக் கூட்டிய தூசும், கை கழுவிய நீரும், உலைச்சாம்பலும் சேர்த்துவைக்கப்படும். கோயம்புத்தூரில் நகைப்பட்டறைத் தெருக்களின் சாக்கடை மண்ணை அள்ளி அலசிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். அதே சாக்கடையில் ஓடிய செம்பை யாரும் தேடவில்லை. அதை அலசி எடுக்கும் கூலிக்கு அதன் விலை கட்டாது. பின்னால் வந்த எல்லாத் தொழில்நுட்பங்களிலும் இந்தக் கணக்குத்தான் தொடர்கிறது.

சயனைடும் அதன் மேடுகளும்

1887இல் கிளாஸ்கோவில் மெக்காதரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்ட சயனைடு முறை, தாதுவில் இருந்த மிகக் குறைந்த பொன்னையும் கரைத்து எடுத்தது. இது அமில முறையன்று. சயனைடு நீரில் அமிலம் பட்டால் நச்சுவாயு எழும் என்பதால் அதைக் காரநிலையில் வைத்தே கையாள வேண்டும். ஆனாலும் கதையின் முடிவு ஒன்றே. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டபோது, 3 கோடி டன்னுக்கும் மேலான அரைத்த மண் மேடுகளாக அங்கேயே நின்றது. பகாங்கின் ராவுப் நகருக்கு அருகே புக்கிட் கோமான் மக்கள், 2009இல் அங்குப் புதிதாகத் தொடங்கிய சயனைடு ஆலையை எதிர்த்து நீண்ட போராட்டம் நடத்தினார்கள். பொன் எடுக்கும் திறனில் சயனைடை மிஞ்ச இன்றுவரை எதுவும் வரவில்லை. அந்த மக்கள் கேட்டதெல்லாம் மிஞ்சும் நீரையும் காற்றையும் பற்றித்தான்.

பால் ஸ்டோரில் கற்ற பாடம்

அமிலக் கழிவை அரசு கணக்கெடுத்துக் கட்டுப்படுத்தத் தொடங்கியது பொன் வேலையில் அன்று. ரப்பர்த் தோட்டத்தில், செம்பனை ஆலையில். இந்தப் பகுதி பொன்மீட்பு வரலாற்றை எழுதுவோர் கண்ணில் படுவதே இல்லை. கெடாவில் இருந்து பார்க்கும்போது இதுதான் முக்கியமான அத்தியாயம்.

மரத்தை வெட்டிக் கொண்டுவந்த பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பாலைச் சேர்க்கும் கூடமான பால் ஸ்டோரில் அதைத் தண்ணீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைப்பார்கள். உறைந்த கட்டியை எடுத்துவிட்டால் தொட்டியில் நிற்பது புரதமும் சர்க்கரையும் நிறைந்த புளித்த நீர். அது ஆற்றில் கலந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், மீன் செத்து மிதக்கும். செறிவுப்பால் தயாரிக்கும் ஆலைகளில் நிலைமை இன்னும் மோசம். எஞ்சிய மெலிந்த பாலைக் கந்தக அமிலத்தால் உறைய வைப்பதால், குளத்தில் சல்பேட்டு அழுகிய முட்டை நாற்றமாக மாறும். தோட்டப்புறத்தில் வளர்ந்த எவருக்கும் அந்த நாற்றத்தை விளக்கத் தேவையில்லை.

மலேசியாவின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல் வந்தது. அதன்கீழ் முதலில் தனி விதிமுறை பெற்றவை 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளும் 1978இல் ரப்பர் ஆலைகளும். ஒரே நாளில் கடுமை காட்டாமல் படிப்படியாக வரம்பை இறுக்கினார்கள். செம்பனை ஆலைக் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை முதலில் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்பட்டு, 1984க்குள் 100க்கு இறக்கப்பட்டது. எவ்வளவு மாசு வெளியேறுகிறதோ அதற்கேற்ப உரிமக் கட்டணமும் ஏறியது. எண்ணெய் பிழியும் முறை மாறவில்லை, பால் உறையவைக்கும் அமிலமும் மாறவில்லை. மிஞ்சிய நீருக்கு விலை வைத்தார்கள். ஆலைகள் குளம் வெட்டின, காற்றில்லா நுண்ணுயிர்களை வளர்த்தன, சில அந்த வாயுவை எரிபொருளாகவும் பிடித்தன. பொருளை எடுக்கும் வேதியியலில் புதுமை ஏதும் நேராமலேயே ஆறுகள் மேல் விழுந்த சுமை பெருமளவு குறைந்தது. பொன்மீட்பு ஆய்வாளர்கள் இதைக் கவனித்திருந்தால் அவர்களது அட்டவணைகளில் வேறு பத்திகள் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

தொழிற்சாலை பஸ் வந்தபோது

1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் இண்டெல் வெளிநாட்டில் பாகங்களைப் பொருத்தும் தன் முதல் ஆலையைத் திறந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் தோட்டத்துப் பெண்பிள்ளைகளில் பலர் பால்வாளியை விட்டுத் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. சில்லுக்குள் மயிரிழையினும் மெல்லிய தங்கக் கம்பி, இணைப்பு முனைகளில் தங்கப் பூச்சு, கூடவே வெள்ளி, பல்லேடியம். நிராகரிக்கப்பட்ட துண்டுகளும் பூச்சுத் தொட்டியின் பழைய நீரும் மீட்போர் கைக்குப் போயின. பத்தர் பட்டறையின் சிக்கல் தொழிற்சாலை அளவில் பெருகியது.

சட்டமும் பின்னால் வந்தது. 1989இல் முதல் அபாயக் கழிவு விதிமுறை. 2005இல் அதற்குப் பதிலாகப் புதியது. அதில் மின்னணுக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 110, பயன்படுத்திய கனிம அமிலத்துக்கு 206, செம்பு, நிக்கல், ஈயம் போன்றவை கலந்த சேற்றுக்கு 204 என்று தனித்தனிக் குறியீடுகள். 20 டன்னுக்கு மேலோ 180 நாளுக்கு மேலோ இவற்றை வளாகத்தில் வைத்திருக்கக்கூடாது. பிரித்தெடுப்பதோடு நிற்கும் மீட்பகம், உலோகம் வரை எடுக்கும் மீட்பகம் என உரிமம் இரு வகை. காகிதத்தில் இது நல்ல சட்டம். ஆனால் உலகில் 2022இல் உருவான 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான். மீதியில் ஒரு பகுதி எல்லை தாண்டும். டில்லியின் சீலம்பூரிலும் மொராதாபாத்திலும் அமிலத் தொட்டிகள் வீட்டு முற்றங்களில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சீனா 2018இல் பிளாஸ்டிக் கழிவு வரத்தை மூடியபின் சுங்கை பட்டாணி மக்கள் பட்ட புகைத் தொல்லை, கழிவு எவ்வளவு விரைவில் புது ஊரைத் தேடிக்கொள்ளும் என்று காட்டியது. அபாயக் கழிவு எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் மின்னணுக் கழிவுத் திருத்தங்கள் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன.

அளவுகளையும் பார்க்க வேண்டும். 1 டன் மின்சுற்றுப் பலகையில் தங்கம் மிஞ்சிப்போனால் சில நூறு கிராம், செம்பு 150 முதல் 200 கிலோ. ஆகவே பலகையை முழுதாகக் கரைப்பவர் 1 கிராம் பொன்னைத் தேடி அரைக் கிலோவுக்குக் குறையாத செம்பையும் கரைக்கிறார். பொன் விலை ஏறியபின் சில்லுத் தொழில் தங்கக் கம்பியிலிருந்து செப்புக் கம்பிக்கு மாறிவருகிறது. இனி வரும் கழிவில் பொன்னின் பங்கு இன்னும் குறையும். மிஞ்சும் திராவகம் அந்த அளவுக்குக் குறையாது.

இறால் ஓடு, ரப்பர் இலை, கண்டல் பட்டை

கெடாவின் எல்லைக்கு அடுத்தே பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் நடந்த வேலை தமிழில் அதிகம் பேசப்படாதது. நான்கு ஆய்வுகளை எடுத்துக்கொள்கிறேன்.

1999இல் அங்கிருந்து வெளிவந்த ஆய்வு, கைட்டோசான் பொன் அயனியை எப்படி ஈர்க்கிறது என்று அளந்தது. இறால், நண்டு ஓட்டிலுள்ள கைட்டினிலிருந்து கிடைப்பது கைட்டோசான். அமில நீரில் அதன் அமீன் தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெறும். குளோரைடு சூழ்ந்த பொன் எதிர்மின் அயனியாக இருப்பதால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். செம்பும் நிக்கலும் பெரும்பாலும் நேர்மின் அயனிகள், அவை ஒதுங்கிவிடும். இந்தத் தேர்வுத்திறன்தான் அதன் அழகு. ஆனால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்கச் சுண்ணத்தை அமிலத்தில் கரைத்து, பிறகு செறிந்த காஸ்டிக் சோடாவில் சூடாக்க வேண்டும். அமிலத்தில் அது கரைந்துவிடாதிருக்கப் பிணைப்புச் சேர்மமும் சேர்க்க வேண்டும். கோலா கெடாவின் இறால் ஓடு பசுமையானதுதான். அதைக் கைட்டோசான் ஆக்கும் நீர் அப்படியன்று.

2007இல் வந்த ஆய்வு சயனைடு நீரிலிருந்து பொன்னை மின்வேதி முறையில் எடுத்தது. வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. ஒரு பக்கம் துத்தநாகம் கரைய, மறுபக்கம் துளைகள் நிறைந்த கார்பனில் பொன் படிய, கலமே சிறிது மின்சாரமும் தருகிறது. 90 விழுக்காட்டுக்கு மேல் பொன் கிடைத்தது. துத்தநாகத்தால் பொன்னை இறக்குவது சயனைடு முறை அளவுக்கே பழையது. ஆனால் இங்கே கலம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் கரைந்த துத்தநாகம் பொன் இருந்த நீரோடு கலப்பதில்லை. கழிவைப் பிரித்து வைப்பது என்ற ஒழுங்கு அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது. இதன் உண்மையான சிறப்பு அந்தத் தடுப்புத்தான், விழுக்காடு அன்று.

அடுத்த இரண்டும் பொன்னைத் தொடவே இல்லை. 2008இல் காரத்தில் பதப்படுத்திய ரப்பர் இலைத்தூள் செம்பை உறிஞ்சுவதை ஆராய்ந்தார்கள். 2009இல் கண்டல் மரப்பட்டையின் டானின் செம்பையும் ஈயத்தையும் பிடிப்பதைக் காட்டினார்கள். கரிமூட்டத்துக்குக் கண்டல் வெட்டும் இடங்களில் பட்டை வீணாகப் போவது. பொன் என்ற சொல் தலைப்பில் இல்லாததால் இவை செய்தித்தாள்களுக்கு எட்டவில்லை. நான் மேலே பேசிய இரண்டாம் பாதிக்கு நேராக வருபவை இவைதாம். ஒரு குறையும் உண்டு. இவை மெல்லிய புளிப்பில்தான் வேலை செய்யும். வலுவான அமிலத்தில் ஹைட்ரஜன் அயனிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, செம்பு வெளியே நிற்கும். முதலில் சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தைத் தணிக்க வேண்டும். தணித்தால் சேறு விழும். சேற்றுக்குக் குறியீடு 204.

வெளியுலகில் இதே காலத்தில் நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தில் சீமைப்பனிச்சைத் தோலைக் கந்தக அமிலத்தால் பிணைத்த டானின் கூழாக்கி, பொன்னை மட்டும் தேர்ந்து உலோகமாக்கினார்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2013இல் சோள மாவிலிருந்து வரும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் பொன்னைத் தனியே இறக்குவது தற்செயலாகத் தெரிய வந்தது. 2024இல் சூரிக்கில் பாலாடைக்கட்டி ஆலையின் மோர்ப்புரதத்தை நுரைப்பஞ்சாக்கி, 20 கணினித் தாய்ப்பலகைகளிலிருந்து 450 மில்லிகிராம் கட்டி எடுத்தார்கள். அது 22 காரட். மிச்சம் செம்பு. இவை ஒவ்வொன்றும் நேர்த்தியான ஆய்வு. பொன்னோடு வராத மற்றச் செம்பைப் பற்றித் தலைப்புச் செய்திகளில் ஒரு சொல்லும் இல்லை.

பழைய விடை ஒன்று

மிஞ்சும் அமிலத்துக்கு விடை இல்லாமல் இல்லை. பலகையிலுள்ள செம்பை முதலில் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கொண்டு கரைத்தால் பொன் கரையாமல் ஏடாக மிதந்து நிற்கும். அந்தச் செப்புச் சல்பேட்டு நீரில் மின்சாரம் செலுத்தினால் எதிர்மின்வாயில் செம்பு படியும், நேர்மின்வாயில் ஆக்சிஜன் வரும், நீரில் கந்தக அமிலம் மறுபடி பிறக்கும். அதை அடுத்த சுற்றுக்கு ஊற்றலாம். செம்புத் தொழில் நெடுங்காலமாக அறிந்த முறை இது. மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் வைத்திருந்த அழகப்பச் செட்டியார் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த வகை மின்படிவு வேலைகளுக்கும் பேர் பெற்றது. மலாயாவோடும் தொடர்புள்ள ஒருவரின் கொடையில் முளைத்த அந்த அறிவு மெர்கோங், கூலிம் பட்டறைகளுக்கு இன்றும் தேவைப்படுகிறது.

ஆக, வரிசையை மாற்றுவதே பெரும் பகுதி தீர்வு. செம்பை முன்னே எடுத்து அமிலத்தைத் திருப்பி, கடைசியில் சிறிதளவு நீரில் மட்டும் பொன்னைக் கரைத்தால், கைட்டோசானும் கண்டல் பட்டையும் அந்தச் சிறு அளவுக்கு மிகப் பொருத்தமாகிவிடும். பெருந்தொட்டியில் பொன்னுக்காக அவற்றை மிதக்கவிடுவதில் பயன் குறைவு. இதைச் சிறு பட்டறை செய்யாததற்குக் காரணம் அறியாமை அன்று. செம்புக்கு மின்சாரச் செலவு, தொட்டிச் செலவு உண்டு, சாக்கடை இலவசம். 1978இல் ரப்பர் ஆலைக்கு அந்த இலவசம் பறிக்கப்பட்டது. மீட்புப் பட்டறைக்கு அது முழுதாகப் பறிக்கப்படும்வரை எந்த உறிஞ்சுபொருளும் தனியாக நின்று ஆற்றைக் காக்காது.

கெடாவில் இனி ஒரு நிறுவனமோ பல்கலைக்கழகமோ பசுமைப் பொன் மீட்பு என்று அறிவித்தால், எத்தனை விழுக்காடு பொன் கிடைத்தது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். எத்தனை லிட்டர் அமிலம் தொட்டிக்குத் திரும்பியது, எத்தனை கிலோ சேறு 204 என்ற குறியீட்டில் வெளியேறியது என்பதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். நெல் விளைவிப்போரும், மூடா ஆற்று நீரைக் குடிப்போரும், இத்துறையில் ஆய்வுப்பட்டம் செய்யப்போகும் நம் பிள்ளைகளும்.